நான்கு கிலோவுக்குள் இரண்டு யூனிட்

2008-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு போட்டி வைத்தது. படைவீரர் ஒருவர் உடம்பில் மாட்டிக்கொண்டு நடக்கக்கூடிய மின்கருவி ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். அது 96 மணி நேரம், அதாவது நான்கு முழு நாள், சராசரியாக 20 வாட் மின்சாரம் தர வேண்டும். எடை நான்கு கிலோவைத் தாண்டக் கூடாது. முதல் பரிசு பத்து லட்சம் டாலர்.

20 வாட் ஓர் எல்.இ.டி. ட்யூப்லைட்டுக்குத்தான் காணும். ஆனால் 96 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 1,920 வாட்-மணி ஆகிறது. மின்கட்டணக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு யூனிட். மதுரையில் கோச்சடையிலோ பொன்மேனியிலோ ஒரு வீட்டில் கரண்ட் போனால் ஃபேனையும் லைட்டையும் ஓட்டுகிற இன்வெர்ட்டர் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று அதன்மேல் போட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-மணி. போட்டியில் கேட்ட மின்சாரமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அந்தப் பேட்டரியின் எடை ஐம்பது கிலோவுக்கு மேல். மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். அதை நான்கு கிலோவில் கொண்டுவரச் சொன்னார்கள்.

ராணுவத்தில் புதுவகை பேட்டரிகளும் எரிபொருள் கலங்களும் எங்கே போகும், எங்கே போகாது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்குப் போதும். கிலோவுக்கு எத்தனை வாட்-மணி? இன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஈய-அமில பேட்டரி கிலோவுக்கு 35, 40 தரும். கைபேசியிலும் மின்ஸ்கூட்டரிலும் இருக்கும் லித்தியம்-அயன் பேட்டரி இன்று 150 முதல் 250 வரை தருகிறது. போட்டி கேட்டதோ 480. திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் எந்தப் பேட்டரியாலும் அன்று அதை எட்ட முடியாது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனமும் ஜெர்மனியின் எஸ்.எஃப்.சி. நிறுவனமும் சேர்ந்து செய்த மெத்தனால் எரிபொருள் கலம் முதல் பரிசை வென்றது. இரண்டாம், மூன்றாம் பரிசுகளும் எரிபொருள் கலங்களுக்கே போயின.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. இன்றைய காலாட்படை வீரர் ரேடியோ, இரவுநோக்குக் கருவி, ஜி.பி.எஸ்., சிறு கணினி என்று பலவற்றைச் சுமக்கிறார். மூன்று நாள் ரோந்துக்குப் போகும் அமெரிக்க வீரரின் முதுகில் பேட்டரி மட்டும் ஏழு கிலோவுக்குக் குறையாது என்பது அந்த ராணுவமே சொல்லும் கணக்கு. 2003 இராக் போரில், பல ரேடியோக்களுக்கும் பொதுவான பி.ஏ.-5590 என்ற, ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் லித்தியம் பேட்டரிக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்க அரசுத் தணிக்கை அலுவலகம் தன் அறிக்கையில் அதை ஆராயும் அளவுக்கு அது போயிற்று. துப்பாக்கிக் குண்டு தீர்ந்தால் எப்படியோ, ரேடியோ பேட்டரி தீர்ந்தாலும் படைக்கு அப்படித்தான்.

பெட்டி வேறு, டாங்க் வேறு

பேட்டரியில் மின்சாரமாக மாற வேண்டிய வேதிப்பொருள் முழுவதும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு மடங்கு நேரம் ஓட வேண்டுமென்றால் இரண்டு மடங்கு பேட்டரி வேண்டும். எடையும் அப்படியே ஏறும். ஃபியூயல் செல் என்று பரவலாகச் சொல்லப்படும் எரிபொருள் கலத்தில் வேதிவினை நடக்கும் அடுக்கு ஓரிடத்தில் இருக்கிறது, எரிபொருள் வேறு கலனில் இருக்கிறது. எத்தனை வாட் வேண்டும் என்பதை அடுக்கின் அளவு முடிவுசெய்கிறது. எத்தனை மணி நேரம் என்பதை டாங்க் முடிவுசெய்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் ஆக்சிஜன், நடுவில் மெல்லிய படலம். பிளாட்டினம் பூசிய முனையில் ஹைட்ரஜன் அணு புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. புரோட்டான் படலத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். எலக்ட்ரானுக்கு அங்கே வழி கிடையாது. வெளியே இருக்கும் கம்பியைச் சுற்றித்தான் போயாக வேண்டும். அப்படிச் சுற்றிப் போகும்போது அது ரேடியோவை ஓட்டுகிறது, மோட்டாரைச் சுழற்றுகிறது. மறுபக்கத்தில் எல்லாம் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிடும். தீ இல்லை, பிஸ்டன் இல்லை. விசிறி, பம்பு தவிரச் சத்தம் போட எதுவும் இல்லை. ஒரு கலம் தருவது சுமார் 0.7 வோல்ட்தான் என்பதால் பத்துக் கணக்கில், நூற்றுக் கணக்கில் அடுக்குகிறார்கள்.

இந்தத் தத்துவத்தை வில்லியம் குரோவ் என்ற வேல்ஸ் நாட்டவர் 1839-இலேயே செய்து காட்டிவிட்டார். 1965-இல் அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் அது முதன்முதலாக உருப்படியான வேலைக்கு வந்தது. நம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் செய்த 100 வாட் வகை எரிபொருள் கலம், 2024 ஜனவரி 1 அன்று பி.எஸ்.எல்.வி. சி-58 ராக்கெட்டில் போய், விண்வெளியில் 180 வாட் தந்தது.

ஒரு கிலோ மெத்தனாலில் சுமார் ஐந்தரை யூனிட் ஆற்றல் இருக்கிறது. சிறிய எரிபொருள் கலம் அதில் கால்பங்கை மின்சாரமாக்கினாலும் ஒன்றேகால் யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். ஒரு கிலோ லித்தியம்-அயன் பேட்டரியில் கால் யூனிட்கூட முழுசாகக் கிடைக்காது. அப்படியானால் எல்லாருக்கும் எரிபொருள் கலத்தையே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அடுக்குக்கும் பம்புக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் ஒரு நிலையான எடை உண்டு. டாங்கில் ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் அந்த எடை முதுகில் இருக்கும். ஒருநாள் ரோந்துக்குப் போகிறவருக்கு லித்தியம் பேட்டரிதான் இலகு. மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று நீளும்போது எரிபொருள் கலம் முந்துகிறது. தவிர, எரிபொருள் கலம் திடீரென்று பத்து மடங்கு கேட்டால் கொடுக்காது. ரேடியோவில் பேசும் விசையை அழுத்தியதும் மின்தேவை எகிறும். அந்த எகிறலைத் தாங்க ஒரு சிறு பேட்டரி கூடவே வேண்டும். அதனால் பேட்டரியா, எரிபொருள் கலமா என்று அணி பிரித்து எழுதும் கட்டுரைகள் வாசகருக்கு உதவுவதில்லை. குறுகிய பாய்ச்சலுக்கு ஒன்று, நீண்ட இருப்புக்கு இன்னொன்று. களத்தில் இரண்டும் சேர்ந்தே போகும்.

கடலுக்கடியில்

இந்தத் தொழில்நுட்பம் உயிர்போகும் அவசியமாக இருக்கும் இடம் நீர்மூழ்கிக் கப்பல். இந்தியக் கடற்படையின் கல்வரி வகைக் கப்பல்கள் மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் பிரான்சின் ஸ்கார்ப்பீன் வடிவத்தில் கட்டப்பட்டவை. முதல் கப்பலான ஐ.என்.எஸ். கல்வரி 2017 டிசம்பர் 14 அன்றும், ஆறாவதான ஐ.என்.எஸ். வாக்ஷீர் 2025 ஜனவரி 15 அன்றும் படையில் சேர்ந்தன. இவை டீசல்-மின்சாரக் கப்பல்கள். டீசல் எஞ்சின் பேட்டரியைச் சார்ஜ் செய்யும். நீருக்குள் பேட்டரி மட்டும் ஓடும். ஒரு கப்பலில் 360 பேட்டரி செல்கள். ஒவ்வொன்றும் 750 கிலோ. மொத்தம் 270 டன்.

ஈய-அமில பேட்டரியின் பொதுவான அளவை வைத்துக் கணக்கிட்டால் 270 டன்னில் ஏறக்குறைய பத்தாயிரம் யூனிட் அடங்கும். கப்பல் மெல்ல ஊர்ந்து, எல்லாவற்றுக்குமாக நூறு கிலோவாட் எடுத்தால் நான்கு நாள் ஓடலாம். ஆனால் நீருக்குள் வேகம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் திறன் எட்டு மடங்கு வேண்டும். துரத்தலிலோ தப்பி ஓடும்போதோ மூவாயிரம் கிலோவாட் இழுத்தால் அதே பேட்டரி மூன்று மணி நேரத்தில் வற்றிவிடும். நடைமுறையில் அதற்கும் முன்பே வற்றும். வேகமாக இழுத்தால் ஈய-அமில பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தராது.

வற்றியபின் கப்பல் மேற்பரப்புக்கு அருகே வந்து, சுவாசக்குழாயை நீட்டிக் காற்றை இழுத்து, டீசல் எஞ்சினை ஓட்டியாக வேண்டும். எதிரியின் ரேடார் அந்தக் குழாயைப் பார்க்கும். சூடான புகை வெப்பக் கருவியில் தெரியும். எஞ்சின் சத்தம் நீருக்குள் வெகுதூரம் போகும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990-இலிருந்து இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், மிகக் குறைந்த அலைவரிசையில், மூழ்கியிருக்கும் கப்பலுக்குச் செய்தி அனுப்புவதற்கென்றே கட்டப்பட்டது. கட்டளை கேட்பதற்காகக் கப்பல் மேலே வரக் கூடாது என்று நினைத்து அவ்வளவு பெரிய கோபுரங்களை நட்டோம். ஆனால் மூச்சுக்காகக் கப்பல் மேலே வந்துதான் ஆகிறது.

இதற்கு மாற்றுத்தான் வெளிக்காற்று வேண்டாத உந்து அமைப்பு. மும்பையை அடுத்த அம்பர்நாத்தில் இருக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கடற்படைப் பொருட்கள் ஆய்வகம், பாஸ்பாரிக் அமில எரிபொருள் கலத்தை வைத்து இதை உருவாக்கியது. தரையில் நிறுவிய முன்மாதிரி 2021 மார்ச் 8 அன்று நீண்டநேர ஓட்டத்திலும் உச்சத் திறனிலும் தேறியது. ஆக்சிஜனைத் திரவமாகக் கொண்டுபோகிறார்கள். ஹைட்ரஜனையோ சிலிண்டரில் அடைப்பதில்லை. சோடியம் போரோஹைட்ரைடு என்ற உப்பைத் தண்ணீரோடு வினைபுரியவைத்துத் தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் கப்பலுக்குள்ளேயே உண்டாக்குகிறார்கள். மூடிய இரும்புக் கூட்டுக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட மனிதர்களோடு ஹைட்ரஜனைச் சேர்த்து வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை யோசித்தால் இந்த முடிவின் அருமை தெரியும். 2010 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் நின்ற ஐ.என்.எஸ். சிந்துரக்ஷக் நீர்மூழ்கியின் பேட்டரி அறையில் தீப்பிடித்து ஒரு மாலுமி இறந்தார். பழுதான பேட்டரி வால்வு ஒன்றிலிருந்து கசிந்த ஹைட்ரஜனே காரணம் என்று கண்டறிந்தார்கள். சார்ஜ் ஏறும்போது ஈய-அமில பேட்டரி கக்கும் கொஞ்ச ஹைட்ரஜனுக்கே அந்தக் கதி.

2024 டிசம்பர் 30 அன்று பாதுகாப்பு அமைச்சகம், இந்த அமைப்பைத் தாங்கும் கப்பல்பகுதியைக் கட்டி நீர்மூழ்கிகளில் இணைக்க மசகான் தளத்தோடு சுமார் 1,990 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. ஓடுகிற கப்பலை நடுவில் வெட்டி, புதுப் பகுதியைச் செருகி, மறுபடி பற்றவைக்க வேண்டும். கப்பல் நீளும், எடை மாறும், சமநிலையைத் திரும்பக் கணக்கிட வேண்டும். காலக்கெடு பலமுறை தள்ளிப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இந்த வேலையில் அவசரம் கேட்பதற்கும் மனம் வரவில்லை.

உலகில் இரண்டு பாதைகள் தெரிகின்றன. ஜெர்மனியின் 212-ஏ வகைக் கப்பல்கள் சீமென்ஸ் எரிபொருள் கலங்களோடு 2005-இலிருந்து ஓடுகின்றன. ஹைட்ரஜனை உலோகக் கலவைக்குள் உறிஞ்சவைத்துக் கொண்டுபோகின்றன. அவற்றில் யு-32 என்ற கப்பல் 2013-இல் 18 நாள் மேலே வராமலே பயணம் செய்தது. ஜப்பான் வேறு திசையில் போயிற்று. 2020 மார்ச்சில் படையில் சேர்ந்த ஓரியூ கப்பலில், முந்தைய கப்பல்களில் வைத்திருந்த, வெளிக்காற்று வேண்டாத ஸ்டெர்லிங் எஞ்சினையும் ஈய-அமில பேட்டரியையும் விட்டுவிட்டு முழுக்க லித்தியம்-அயன் பேட்டரியை நிரப்பினார்கள். ஊர்ந்து கிடக்கும் நாட்களில் ஜெர்மன் வழி மேல். வேகமாக ஓடவும், குழாயைக் கொஞ்ச நேரமே நீட்டிச் சட்டென்று சார்ஜ் ஏற்றவும் ஜப்பான் வழி மேல். இந்தியப் பெருங்கடலில் நெடுந்தூரம் போய்க் காத்துக்கிடக்க வேண்டிய நமக்கு எரிபொருள் கலம் தவிர்க்க முடியாதது என்பது என் கருத்து. அதற்கு அடுத்த கட்டத்தில் ஈயத்துக்குப் பதில் லித்தியமும் வந்து சேர வேண்டும். பாகிஸ்தான் சீனாவிடம் வாங்கும் எட்டு ஹாங்கோர் வகைக் கப்பல்களிலும் காற்று வேண்டாத உந்து அமைப்பு உண்டு என்பதையும் மறக்க முடியாது.

சில நிமிட ஆயுள்

மதுரையிலிருந்து வடகிழக்கே போனால், புதுக்கோட்டையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் மாத்தூர் வருகிறது. அங்கே ஹை எனர்ஜி பேட்டரீஸ் என்ற நிறுவனம் இருக்கிறது. போர் விமானம், ஏவுகணை, ராக்கெட், டார்பிடோ ஆகியவற்றுக்கு வெள்ளி-துத்தநாக பேட்டரி செய்வது அதன் தொழில். இந்த வட்டாரத்தில் பலருக்கு இது தெரியாது.

டார்பிடோவின் தேவை நீர்மூழ்கியின் தேவைக்கு நேர் எதிர். விசாகப்பட்டினத்தின் கடற்படை அறிவியல் ஆய்வகம் வடிவமைத்து 2016-இல் கடற்படையிடம் ஒப்படைத்த வருணாஸ்திரா டார்பிடோ சுமார் ஒன்றரை டன் எடை. 40 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல், பாயும். அதன் ஓட்டம் சில நிமிடங்களில் முடியும்; மிஞ்சினால் அரை மணி நேரம். அந்த நேரத்துக்குள் இருப்பதையெல்லாம் கொட்டிவிட வேண்டும். வெள்ளி-ஆக்சைடும் துத்தநாகமும் சேர்ந்த பேட்டரி அப்படிக் கொட்டக்கூடியது. விலை அதிகம், திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றினால் சீக்கிரம் சாகும். துத்தநாகம் ஊசி ஊசியாக வளர்ந்து நடுப்படலத்தைக் குத்திக் கிழித்துவிடும். ஆனால் ஒரே ஒரு முறை ஓடப்போகும் ஆயுதத்துக்கு அந்தக் குறை பொருட்டில்லை. போருக்கென்று வைத்திருக்கும் பேட்டரியில் கார திரவத்தைத் தனியாக அடைத்து, ஏவும் நொடியில் செல்களுக்குள் பாய்ச்சுகிறார்கள். அதுவரை ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடக்கும்.

இலகுவகை டார்பிடோக்களில் மெக்னீசியமும் வெள்ளிக் குளோரைடும் கொண்ட பேட்டரி உண்டு; கடல்நீரே அதற்குத் திரவம், உள்ளே புகுந்ததும் மின்சாரம் தொடங்கும். ஏவுகணைகளில் வெப்ப பேட்டரி. சாதாரண நிலையில் அதன் உப்பு கல்லாக உறைந்திருக்கும். ஏவும்போது உள்ளே சிறு வெடிமருந்துத் தட்டு எரிந்து உப்பை உருக்க, ஒரு நொடிக்குள் முழுத் திறனும் வந்துவிடும். இருபது ஆண்டு அலமாரியில் இருந்தபின்னும் அது அப்படியே வேலை செய்யும். இந்த இடங்களுக்கு எரிபொருள் கலம் வரப்போவதில்லை.

பனியும் வெயிலும்

சியாச்சினில் வெப்பநிலை மைனஸ் 50 டிகிரி வரை இறங்கும். லித்தியம்-அயன் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் குளிரில் தடித்து, அயனிகள் நகரத் திணறும். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவது இன்னும் கேடு. லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன்மேல் உலோகமாகப் படிந்து, உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிடும். வீரர்கள் பேட்டரியைச் சட்டைக்குள் வைத்து உடல்சூட்டில் காப்பது இதனால்தான். டீசலுக்கும் அங்கே நிம்மதி இல்லை. சாதாரண டீசல் கெட்டிப்பட்டுவிடுவதால், மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் லடாக்குக்கென்று கொண்டுவந்தது. காற்று மெலிந்திருப்பதால் ஜெனரேட்டர் தன் முழுத் திறனையும் தராது. அந்த டீசலையும் லாரியிலும் கழுதையிலும் ஹெலிகாப்டரிலும் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும்.

2023 மார்ச்சில் ராணுவமும் மின்னுற்பத்தி நிறுவனமான என்.டி.பி.சி.யும் ஓர் உடன்பாடு செய்தன. லடாக்கில் 4,400 மீட்டர் உயரத்திலுள்ள சுஷுலில் 200 கிலோவாட் தரும் சூரிய-ஹைட்ரஜன் மின்னமைப்பு அதன் பயன். பகல் வெயிலில் சூரியத் தகடு தரும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் சேர்ப்பதே அதன் முறை. இரவிலும் மேகமூட்டத்திலும் அதை எரிபொருள் கலம் மின்சாரமாக்கும். இப்படி மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கித் திரும்ப மின்சாரமாக்கினால் பாதிக்கு மேல் வீணாகும் என்பது உண்மை. சென்னையில் இப்படிச் செய்வது வீண். ஒவ்வொரு லிட்டர் டீசலுக்கும் ஒரு ஓட்டுநர் பனிச்சரிவுக்கு அடியில் போய்வர வேண்டிய இடத்தில் அந்த வீணைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்து வெயிலின் பிரச்சினை வேறு. வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மதுரையில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். ராஜஸ்தானில் நிற்கும் டாங்கிக்குள் அதைவிட அதிகம். எஞ்சினை நிறுத்திவிட்டு, கருவிகளை மட்டும் ஓடவைத்து எதிரியைக் கவனிக்கும் டாங்கிக்குப் பல மணி நேர மின்சாரம் வேண்டும். அங்கே லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பொருத்தமாகத் தெரிகிறது. கிலோவுக்குக் கிடைக்கும் ஆற்றல் கொஞ்சம் குறைவு. ஆனால் குண்டு துளைத்தாலோ சூடேறினாலோ மற்ற லித்தியம் வகைகளைப்போல் எளிதில் கொழுந்துவிட்டு எரியாது.

ட்ரோன்களைப் பற்றிச் சுருக்கமாக. நான்கு விசிறி ட்ரோன் பேட்டரியில் அரை மணி நேரம் பறக்கும். ராமநாதபுரம் உச்சிப்புளியிலுள்ள ஐ.என்.எஸ். பருந்து தளத்தில் 2012-இல் ஆளில்லா விமானப் பிரிவு தொடங்கினார்கள். அதிலுள்ள ஹெரான் வகை விமானம் ஒரு முழு நாளுக்கு மேல் பறக்கும். காரணம் அதற்குள் இருப்பது பெட்ரோல் எஞ்சின். இந்த இடைவெளியில்தான் எரிபொருள் கலத்துக்கு இடம் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் அயான் டைகர் என்ற சிறு விமானம் ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தில் 2009-இல் 26 மணி நேரமும், திரவ ஹைட்ரஜனோடு 2013-இல் 48 மணி நேரமும் பறந்தது.

எதனால் தாமதம்

1839-இல் கண்டது இன்னும் ஏன் பரவலாகவில்லை? எரிபொருள்தான் முக்கியக் காரணம். படைகள் ஒரே எரிபொருளை எல்லா இடத்துக்கும் கொண்டுபோக விரும்புகின்றன. நேட்டோ நாடுகளுக்கு அது ஜே.பி.-8 என்ற மண்ணெண்ணெய் வகை. அதில் 0.3 சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம். எரிபொருள் கலத்தின் பிளாட்டினத்துக்குக் கந்தகம் விஷம். பத்து லட்சத்தில் சில பங்கு போதும், முனை செத்துவிடும். ஹைட்ரஜனைக் கொண்டுபோவதென்றால் 350, 700 மடங்கு காற்றழுத்தத்தில் அடைத்த சிலிண்டர். போர்முனையில் அதை யாரும் விரும்பமாட்டார்கள். மெத்தனால் திரவம் என்பதால் எளிது, ஆனால் அதற்கென்று தனி வழங்கல் வேண்டும். இதனால் எரிபொருள் கலம் முதலில் நிலையான இடங்களுக்கும் கப்பல்களுக்கும் வரும்; நடக்கும் வீரரின் முதுகுக்குக் கடைசியாக வரும்.

பேட்டரி பக்கம் தடை வேறு. விஞ்ஞானம் மெல்ல மெல்ல முன்னேறிக்கொண்டிருக்கிறது. இஸ்ரோ தன் செல்லில் கிராஃபைட்டோடு சிலிக்கான் கலந்து கிலோவுக்கு 157 வாட்-மணியை 190 ஆக்கியது. திடநிலை பேட்டரி, லித்தியம்-கந்தகம், சோடியம்-அயன் எல்லாம் வரிசையில் இருக்கின்றன. பற்றாக்குறை இருப்பது கச்சாப்பொருளில். ஒரு லித்தியம் பேட்டரியில் லித்தியத்தைவிடப் பல மடங்கு எடையில் கிராஃபைட் இருக்கிறது. பேட்டரிக்கு ஏற்றபடி அதைச் சுத்திகரிக்கும் ஆலைகளில் பெரும்பாலானவை சீனாவில். 2023 டிசம்பர் 1 முதல் சீனா கிராஃபைட் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கியது. சீன பாகங்கள் இருந்ததற்காக நம் பாதுகாப்பு அமைச்சகம் ட்ரோன் ஒப்பந்தங்களை ரத்து செய்த செய்தி 2025-இல் வந்தது. ட்ரோனில் சீன சிப்பைத் தேடிக் களைகிறோம். பேட்டரிக்குள் இருக்கும் கரியை யார் தேடுவது?

அந்தக் கரி மதுரைக்குக் கிழக்கே ஐம்பது கிலோமீட்டரில் மண்ணுக்குள் இருக்கிறது. சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் கிராஃபைட் வெட்டுகிறது. பாறையில் சராசரியாக 14 சதவீதம் கார்பன். அரைத்து மிதக்கவிட்டுப் பிரிக்கும் ஆலையும் உண்டு. உலோகம் உருக்கும் மூசைக்கும் சூளைச் செங்கல்லுக்கும் அது போகிறது. பேட்டரிக்குப் போக வேண்டுமென்றால் 99.95 சதவீதம் தூய்மை வேண்டும். தட்டையான செதில்களை உருண்டையாக்கிப் பூச்சு கொடுக்க வேண்டும். எரிபொருள் கலத்தின் தகடுகளும், பாஸ்பாரிக் அமில வகையின் முனைகளும் இதே கார்பன் குடும்பம்தான். அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் போனால் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், சிக்ரி, அங்கே இருக்கிறது. பேட்டரியும் எரிபொருள் கலமும் அதன் அன்றாட ஆராய்ச்சி. இந்த மூன்றும், கனிமமும் ஆய்வகமும் மாத்தூர் தொழிற்சாலையும், ஒரே நாளில் சுற்றிவரக்கூடிய வட்டாரத்தில் இருந்தும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கவில்லை என்பது என் ஆதங்கம்.

கோச்சடைக்கும் இதில் ஒரு பங்கு இருக்க முடியும். எரிபொருள் கல அடுக்கில் எளிதாகத் தோன்றி அதிகம் தொல்லை தருவது சீல். நூற்றுக்கணக்கான தகடுகளுக்கு நடுவே ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் வளையம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்துவிடாமல் அது காக்க வேண்டும். உலகிலேயே மிகச் சிறிய மூலக்கூறு ஹைட்ரஜன், கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கசியும். அமிலமும் சூடும் ரப்பரைக் கெட்டியாக்கி வெடிக்கவைக்கும். ஓரிடத்தில் சீல் போனால் மொத்த அடுக்கையும் பிரிக்க வேண்டும். மதுரையோ ரப்பர் தெரிந்த ஊர். பெல்ட்டுக்கும் ஆயில் சீலுக்கும் பெயர்பெற்ற ஃபென்னரின் தொழிற்சாலை கோச்சடையில் இருக்கிறது. நகரைச் சுற்றி ரப்பர் பாகங்கள் செய்யும் சிறு பட்டறைகள் பல உண்டு. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில்வழித்தடத்தில் சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி ஆகியவைதான் முனைகள்; மதுரை அதில் இல்லை. ஆனால் டி.ஆர்.டி.ஓ.வின் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி எந்த ஊர்ச் சிறு நிறுவனத்துக்கும் திறந்திருக்கிறது. ஒரு திட்டத்துக்கு 50 கோடி ரூபாய் வரை, செலவில் 90 சதவீதம் வரை மானியமாகக் கிடைக்கும். பாஸ்பாரிக் அமிலத்தில் இருநூறு டிகிரி வரையிலான சூட்டை ஆயிரக்கணக்கான மணி நேரம் தாங்கும் வளையம் ஒன்றை மதுரைப் பட்டறை செய்து, காரைக்குடியில் சோதித்து, அம்பர்நாத்துக்கு அனுப்பலாம். அதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. ரப்பர்க் கலவை தெரிந்தவரும் மின்வேதியியல் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். கல்வரி வகைக் கப்பல்கள் பெரிய பராமரிப்புக்காக வரிசையாகத் தளத்துக்குத் திரும்பும் இந்த ஆண்டுகளே அதற்கு ஏற்ற காலம்.